நாலாம் நம்பர் மலைக்குப் போன நாடகம்

எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் சோறு இறங்காது. யாரிடமாவது அதைக் கொட்டித் தீர்த்தால்தான் நெஞ்சு ஆறும். "ஆரம்பிச்சிட்டா" என்று சொல்லிவிட்டு என் கணவர் டீவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். கூட்டட்டும். அவர் பாட்டுக்கு அவர் பார்ப்பார், நான் பாட்டுக்கு நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நோர்வூட் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவர். அதனால் தோட்டத்தைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தத் திமிரைத் தட்டி உட்கார வைத்த கதை இது.

மஸ்ட், ஷுட், கேன், மே என்று ஆங்கிலத்தில் சில சின்னச் சொற்கள் இருக்கின்றன. வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து நின்று, செய்தே ஆக வேண்டுமா, செய்தால் நல்லதா, செய்ய முடியுமா, செய்ய அனுமதி உண்டா என்று சொல்கிற சொற்கள். கூடவே ஹேவ் டு, நீட் டு என்று அரைகுறை சொந்தக்காரர்கள் வேறு. கரும்பலகையில் இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ் என்று எழுதிப் போடுவேன். பிள்ளைகள் கூரைத் தகரம் அதிர ராகம் போட்டுச் சொல்வார்கள். சொல்லி முடித்த பிறகு, "சரி, ஒரு வசனம் சொல்லுங்க" என்று கேட்டால் வகுப்பில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் அப்படி. மிருகக்காட்சிசாலையில் விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது. நூலகத்தில் சத்தம் போடக் கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தால் வாகனத்தை நிறுத்த வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் சிவப்பு விளக்கைக் கோயில் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறார்கள். கடைசி வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி கொட்டாவி விட்டாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. எனக்கே கொட்டாவி வருகிற பாடத்தை நான் எப்படி நடத்துவது?

அன்றைக்கு இடைவேளையில் வெளியே வந்தேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் பெரிய கூச்சல். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் ஒரு கல்லின் மேல் ஒருத்தி ஏறி நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, வயிற்றைக் கொஞ்சம் முன்னே தள்ளி, தொண்டையைச் செருமிவிட்டுக் கத்தினாள்.

"மூணாம் நம்பர் மலைக்கு இந்த வரிசை! ஏழாம் நம்பருக்கு அந்த வரிசை! ஏய், அங்க என்ன பேச்சு? பேச வந்தியா, கொழுந்தெடுக்க வந்தியா?"

நான் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தேத்தண்ணி சாரியில் கொட்டியது. அவர்கள் விளையாடியது பெரட்டு. தோட்டத்தில் தினமும் காலையில் எல்லோரும் ஓர் இடத்தில் கூடுவார்கள். யார் எந்த மலைக்கு, அதாவது எந்தத் தேயிலைப் பகுதிக்குப் போக வேண்டும், என்ன வேலை என்று அங்கேதான் பிரித்துக் கொடுப்பார்கள். கொடுப்பவர் கண்டாக்கு. மரியாதையாகச் சொன்னால் கண்டாக்கையா. தோட்டத்து மேலாளரான தொரைக்குக் கீழே, மலைகளைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகத்தர். இந்தப் பிள்ளை எங்கள் தோட்டத்துக் கண்டாக்கையாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள். வகுப்பில் வாய் திறக்காதவள் அவள். வருகைக்குப் பேர் கூப்பிட்டால்கூட கை மட்டும்தான் உயரும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மணி அடிக்கும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. நானே போய் அடித்துவிட்டேன். அதிபர் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மேசை வாங்குகளை ஓரம் தள்ளினோம். "இது பெரட்டுக்களம். நான் சொல்றது ஒண்ணுதான். இங்கிலீஷ்ல மட்டும் பேசணும்" என்றேன். அந்தப் பிள்ளையை நாற்காலியில் ஏற்றினேன். முதலில் முழித்தாள். பிறகு கை தானாக முதுகுக்குப் போனது. வயிறு முன்னே வந்தது.

"யூ மஸ்ட் கோ டு நம்பர் த்ரீ!"

வகுப்பு ஓவென்று கத்தியது. அவ்வளவுதான், அணை உடைந்தது. யூ மஸ்ட் நாட் டாக். யூ ஹேவ் டு ப்ளக் குட் லீஃப். யூ ஷுட் பிரிங் யுவர் பாஸ்கெட். நான் சொல்லிக் கொடுக்காத வசனங்கள் எல்லாம் வந்தன. கொட்டாவி விட்ட பிள்ளை கங்காணியாக மாறி, "யூ மஸ்ட் நாட் ஸ்லீப்!" என்று எல்லோரையும் விரட்டினாள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் என்ன கலவரம் என்று எட்டிப் பார்த்தார். அவரையும் பிடித்து ஆறாம் நம்பர் மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவே இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் நோர்வூட் வரும்வரை இதையே சொல்லிக்கொண்டு போனேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மறுநாள் கேன், மே இரண்டையும் பெரட்டில் நுழைக்கப் பார்த்தேன். அனுமதி கேட்கிற வசனங்கள். "இப்ப நீங்க கொழுந்தெடுக்கிற ஆளு. கண்டாக்கையாகிட்ட ஏதாவது கேளுங்க" என்றேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெரட்டுல யாரு டீச்சர் கேப்பாங்க?"

"லீவு கேக்க மாட்டாங்களா?"

"வரலன்னா வரல டீச்சர். அன்னைக்கி பேரு இல்ல, சம்பளமும் இல்ல. அவ்ளோதான்."

"வேற மலைக்குப் போறேன்னு கேக்கலாமே?"

"சொன்ன மலைக்கு போவணும் டீச்சர்." அந்தப் பிள்ளை எனக்கு இரக்கப்பட்டு விளக்குகிற மாதிரி சொன்னாள். "நீங்க பெரட்டு பாத்ததே இல்லையா?"

 சின்ன வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ காலை அங்கே நின்றிருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன். அம்மா ஒரு நாளும் எதையும் கேட்டது எனக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளைகள் சொன்னது சரி. இருந்தாலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில் ஹட்டனில் பாடசாலைகளுக்கிடையிலான ஆங்கில நாடகப் போட்டி வந்தது. எங்கள் பாடசாலை அதில் ஒரு தடவைகூட மேடை ஏறியதில்லை. இந்த முறை ஏறியே தீருவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். நாடகத்தின் பெயர் பெரட்டு. கண்டாக்கையா யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அந்தப் பிள்ளையைத் தவிர. ஒத்திகை முடிந்ததும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கம்மா வந்து பாத்தாத்தான் டீச்சர் நடிப்பேன்."

"போட்டி சனிக்கெழம. அம்மாவுக்கு வேலை இருக்குமே?"

"அதான் டீச்சர்."

"நான் போன்ல வீடியோ எடுத்துட்டு வந்து அம்மாகிட்ட காட்டுறேன்."

"போன்ல பாக்குறது வேற டீச்சர்." தலையை நிமிர்த்தவே இல்லை. "எங்கம்மா ஒரு நாளும் ஸ்கூலுக்கு வந்ததே இல்ல. நான் இங்க பேச மாட்டேன்னு எல்லாரும் அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்காங்க. அம்மா பாக்கணும்."

அன்று பின்னேரமே அவளுடைய லயத்துக்குப் போனேன். அப்பா கொழும்பில் கடை ஒன்றில் வேலை. அம்மாவும் மகளும் மட்டும். அம்மா மலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிப் போய் நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்க டீச்சர், ஒக்காருங்க. இவ ஏதும் செஞ்சிட்டாளா?"

விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "இவளா? இங்கிலீஷா?" என்று மகளை மேலும் கீழும் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே டீச்சர். நான் வந்து என்னத்த பாக்க?"

"பாத்தா விளங்கும். நீங்க தெனமும் நிக்கிற பெரட்டுதான்."

"கொழுந்து நெறைய இருக்கிற நேரம். எப்பிடிங்க லீவு போடுறது?"

"கேட்டுப் பாருங்களேன்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் கொடுத்தார். "பெரட்டுல நாங்க ஒண்ணும் கேட்டுப் பழக்கமில்லீங்க டீச்சர்" என்றார். மகள் சொன்ன அதே சொல். கதவோரம் நின்ற மகளைப் பார்த்தேன். நான் சொன்னேனா இல்லையா என்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

இறக்கத்தில் வரும்போது எனக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. அவர்களால் நாடகத்துக்கு வர முடியாவிட்டால் என்ன? நாடகம் அவர்களிடம் போகட்டும். பெரட்டு நாடகத்தைப் பெரட்டுக்களத்திலேயே நடத்தினால்? கண்டாக்கையா வருவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்? நடுரோட்டில் நின்று நானே கை தட்டினேன். எதிரே வந்த ஆட்டோக்காரர் வாகனத்தை நிறுத்திவிட்டார், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று.

மறுநாள் தொரையைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனேன். வயதில் என்னைவிடச் சின்னவர், சிங்களவர், மரியாதையானவர். ஆங்கிலத்தில்தான் பேசினோம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். வேலை தொடங்குவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அதெல்லாம் சிட்டாய் முடித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கால் பரபரக்கிறது. முந்திய இரவே வந்து தோழி ஒருத்தி வீட்டில் தங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் மூடுபனி. நீட்டிய கை தெரியாத பனி என்று சும்மா சொல்வார்களே, அன்றைக்கு அது சும்மா இல்லை. பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டும், சந்தோஷத்தில் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டும் நின்றார்கள். கண்டாக்கையா வேஷக்காரி பெரிய ஜாக்கெட் ஒன்றைப் போட்டு, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். கையில் எங்கள் விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய கைமைக். கண்டாக்கையாவும் அதே மாதிரி ஒன்றைத்தான் வைத்திருப்பார்.

பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக வந்து வந்து வரிசையில் நின்றார்கள். "டீச்சரு என்னமோ காட்டப் போறாங்களாம்" என்று முன் வரிசையில் பேச்சு. நான் முன்னால் நின்று, இது நாடகம், பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். என் தொண்டை முன் வரிசைக்குத்தான் எட்டும். பின்னால் பனிக்குள் இருந்தவர்கள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா எங்கே நிற்கிறார் என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை.

நான் தலையாட்டினேன். பிள்ளை, கண்டாக்கையா வழக்கமாக நிற்கிற படியில் ஏறினாள். கைமைக்கைத் தட்டினாள். தொண்டையைச் செருமினாள்.

"ஆல் ரைட்! நம்பர் ஃபோர்! ஆல் மஸ்ட் கோ! குயிக், குயிக்! யூ மஸ்ட் நாட் டாக்!"

என்ன குரல் அது! கைமைக்கில் கரகரவென்று, சாட்சாத் கண்டாக்கையாவேதான்.  அபாரம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் பின்னால் நடந்ததைக் கவனிக்கவில்லை.

பின் வரிசை நடக்கத் தொடங்கியிருந்தது. தொரைமார் வருகிற நாட்களில் மலை நம்பரை இங்கிலீஷில்தான் சொல்வார்கள். நம்பர் ஃபோர் என்றால் எது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். குயிக் என்றால் என்ன என்பதும் தெரியும். பின் வரிசை போனதும் நடு வரிசை திரும்பிப் பார்த்தது. ஆட்கள் போகிறார்கள் என்றால் போக வேண்டியதுதானே? கூடையைத் தூக்கிக்கொண்டு அதுவும் போனது. நாடகம் என்று தெரிந்த முன் வரிசைப் பெண்கள்கூட ஒரு கணம் தடுமாறி, "என்னாடி, நெசமாவே போறாளுக" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் பெரட்டுக்களத்தில் நாங்கள் மட்டும்தான் நின்றோம்.

பிள்ளை கைமைக்கை இறக்கினாள். பனி லேசாக விலகிய இடைவெளியில், ஏற்றத்தில் போகிறவர்களில் ஒரு சிவப்பு ஸ்வெட்டரைக் காட்டினாள்.

"டீச்சர், எங்கம்மா போறாங்க."

  அம்மா பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடும்? அம்மா மகளின் குரலைக் கேட்டு, அது மகள் என்றே தெரியாமல், சொன்ன மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அசல் கண்டாக்கையா வந்து சேர்ந்தார். வெறும் களத்தைப் பார்த்தார்.

"எங்க போனாங்கம்மா ஆளெல்லாம்?"

"நாலாம் நம்பருக்குப் போயிட்டாங்க ஐயா" என்றேன் மெல்ல.

"நாலாம் நம்பருக்கா? ஐயோ, அங்க நேத்துத்தாங்க களைக்கு மருந்தடிச்சோம்! ஆள் போகக் கூடாது!"

அவர் ஓடத் தொடங்கினார். அவருக்கு முன்னால் என் பிள்ளைகள் ஓடினார்கள். ரோட்டை விட்டுவிட்டுத் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி, ஆட்டுக்குட்டிகள் மாதிரி தாவித் தாவி ஓடினார்கள். பனிக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

"ஸ்டாப்! ஸ்டாப்! யூ மஸ்ட் நாட் கோ!"

"யூ ஹேவ் டு கம் பேக்!"

"அக்கா, அத்த, நில்லுங்க! டேஞ்சர்! யூ ஷுட் நாட் கோ தேர்!"

சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பதற்றத்திலும் என் மனதின் ஒரு மூலை கரகோஷம் செய்துகொண்டிருந்தது. வகுப்பில் ஈ பறந்த வாய்களா இவை? ஓடிக்கொண்டே ஆங்கிலம் பேசுகிறார்களே!

மலை வாசலுக்கு முன்னாலேயே மறித்துவிட்டார்கள். நல்ல வேளை, யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்தார்கள். அவர்கள் களத்துக்குள் நுழையவும் தொரையின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சிரிப்பு நின்றது.

தொரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்தில் வேலை கற்றுக்கொண்டபோது கற்றுக்கொண்ட தமிழ். வா, போ, எடு, வை. அதற்கு மேல் நீளாது.

"யாரு சொன்னது, நாலாம் நம்பர் போ?"

 நான் வாய் திறப்பதற்குள் படியில் நின்ற பிள்ளை கையை உயர்த்தினாள். வருகைக்கு உயர்த்துவாளே, அதே கை.

"ஐ சார்" என்றாள்.

கண்டாக்கையா மூச்சு வாங்கிக்கொண்டே, "தொரை, என் கொரல் மாரியே இருந்திச்சாம்" என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "நானா இப்பிடி கத்துறேன்?" என்று கேட்டார்.

"அச்சு அசலா ஒங்க கொரலுதாங்க ஐயா!" என்று ஒரு பெண் சொல்ல, அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்தது. தொரையின் உதடும் கொஞ்சம் இழுபட்டது. ஆனால் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை தொடங்கும் நேரம் வந்துவிட்டது. நான் கொடுத்த வாக்கு காற்றோடு போயிற்று. நாடகத்தில் ஒரே ஒரு வரிதான் நடந்திருந்தது. பிள்ளை தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

அப்போது கூட்டம் அசைந்தது. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட அந்த அம்மா, கூடை முதுகில் இருக்க, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். படிக்கு நேரே நின்றார். மூச்சை இழுத்துவிட்டார். கையை உயர்த்தினார்.

"கண்டாக்கையா, எனக்கு ஒண்ணு கேக்கணுங்க."

"என்னம்மா?" என்றார் கண்டாக்கையா.

"ஒங்கள இல்லீங்க." மகளைக் காட்டினார். "அவுங்கள."

 மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சனிக்கெழம எம் மக ஹட்டன்ல நாடகம் போடுதுங்க. நான் போயி பாக்கலாமுங்களா?"

 அந்தக் களத்தில், தொரைக்கு முன்னால், ஒருவர் ஒன்றைக் கேட்கிறார். பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இது என் பாடம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் தொப்பியைத் திரும்பப் போட்டாள். கை முதுகுக்குப் பின்னால் போனது. தொண்டையைச் செருமினாள்.

"யெஸ். யூ கேன் கோ."

பிறகு கூட்டம் முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். "யூ ஆல் கேன் கோ."

"என்னா சொல்றா? என்னா சொல்றா?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

"போலாமாம்!" என்று என் வகுப்பு முழுவதும் கத்தியது.

எல்லோருடைய தலையும் தொரை பக்கம் திரும்பியது. அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். கண்டாக்கையாவை அழைத்துச் சிங்களத்தில் ஏதோ பேசினார். சனிக்கிழமை வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. கண்டாக்கையா பெண்களைப் பார்த்தார். பெண்கள் தலையாட்டிய வேகத்தில் கூடைகள் ஆடின. தொரை படியில் நின்ற பிள்ளையைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"கண்டாக்கு சொல்லிட்டது. போ. எல்லாம் போ. லொறி எடு."

நான் அழுதேன். சிரித்துக்கொண்டே அழுதேன். கட்டுப்படுத்தப் பார்த்தேன், முடியவில்லை. கண்டாக்கையா கைமைக்கைப் பிள்ளையிடமிருந்து பத்திரமாக வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார், இனி ஆபத்து வேண்டாம் என்று.

அன்றைக்கு வகுப்பில் யாரும் சொல்லாமலேயே நாடகத்தில் ஒரு காட்சி சேர்ந்தது. பெரட்டு வரிசையிலிருந்து ஒருத்தி கையை உயர்த்தி, "சார், மே ஐ கோ டு சீ மை டோட்டர்?" என்று கேட்கிற காட்சி. யார் எழுதியது என்று கேட்டேன். "பெரட்டுல கேட்டாங்கல்ல டீச்சர்" என்றார்கள், அது காலங்காலமாக நடக்கிற ஒன்று போல.

சனிக்கிழமை கொழுந்து லொறி நிறையப் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக ஹட்டனுக்கு வந்து இறங்கினோம். மற்றப் பாடசாலைகள் வேனில் வந்திருந்தன. எங்கள் லொறியைப் பார்த்து வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். மண்டபத்தின் கடைசி மூன்று வரிசையை எங்கள் ஆட்களே நிரப்பினார்கள். அந்த அம்மாவை இழுத்து வந்து நான் எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டு கையாலும் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பஸ் வளைவில் திரும்புகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. தொப்பி. ஜாக்கெட். முதுகுக்குப் பின்னால் கை.

"ஆல் ரைட்! நம்பர் ஃபோர்! ஆல் மஸ்ட் கோ! குயிக், குயிக்!"

எனக்குப் பின்னால் இரண்டு கதிரைகள் கிறீச்சிட்டன. யாரோ பாதி எழுந்துவிட்டு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் பார்த்தேன். அந்த அம்மா கண்ணைச் சிமிட்டாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. முதலாம் இடம் கொடுக்காததற்காக நான் நடுவர்களோடு மனதுக்குள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அது வேறு விஷயம். நாடகம் முடிந்து கை தட்டல் ஓய்வதற்குள், மகள் வேஷத்தோடேயே மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அம்மாவின் முன்னால் மூச்சிரைக்க நின்றாள். எப்படி இருந்தது என்று அவள் கேட்கக்கூட இல்லை. அம்மாவே முந்திக்கொண்டார்.

"நீ என்னா கத்து கத்துன! நான் எந்திரிக்கலையே" என்றார். "கடேசி வரைக்கும் ஒக்காந்தே பாத்தேன்."